ஸ்கோவ்ரோனெக்: அழிந்த பண்ணையின் பெயர் காத்த அரபுக் குதிரை

இன்றைய அரபுக் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேடுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் பெயர்களுள் ஒன்று ஸ்கோவ்ரோனெக். போலந்து மொழியில் 'வானம்பாடி' என்று பொருள்படும் இப்பெயரைப் பெற்ற வெள்ளைப் பொலிகுதிரை, 1909-ஆம் ஆண்டு, போலந்துப் பிரபு யூசெஃப் பொடொட்ஸ்கியின் அன்டோனினி பண்ணையில் பிறந்தது. அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த அப்பகுதி, தற்போது உக்ரைனில் உள்ளது.

1913-இல் இக்குதிரையை விலைக்கு வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றவர் வால்டர் வினான்ஸ். முந்தைய ஆண்டின் ஒலிம்பிக் போட்டியில் சிற்பக் கலைக்காகத் தங்கப் பதக்கம் வென்ற அவர், ஸ்கோவ்ரோனெக்கை மாதிரியாகக் கொண்டு வெண்கலச் சிற்பம் வடித்தார். அந்த விற்பனைதான் குதிரையைக் காப்பாற்றியது. ரஷ்யப் புரட்சியைத் தொடர்ந்த கலவரங்களில் அன்டோனினி பண்ணை அடியோடு அழிந்தது.

சசெக்ஸ் பகுதியின் கிராபெட் பண்ணை, 1878-இல் வில்ஃபிரிட் பிளன்ட், அவரது மனைவி லேடி ஆன் பிளன்ட் ஆகியோரால் தொடங்கப்பட்டது. கவிஞர் பைரனின் பேத்தியான லேடி ஆன், அரபுப் பாலைவனங்களில் நேரில் பயணம் செய்து குதிரைகளைத் தேர்ந்தெடுத்தவர். 1917-இல் அவர் மறைந்த பின், குதிரைகளின் உரிமை குறித்துத் தந்தைக்கும் மகள் லேடி வென்ட்வொர்த்துக்கும் இடையே நீதிமன்ற வழக்கு நடைபெற்றது. அதில் வென்ற மகள், 1920-இல் வேறொருவரை இடையில் நிறுத்தி ஸ்கோவ்ரோனெக்கை வாங்கினார்.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. அதன் முன்னோர் அனைவரும் பாலைவனத் தூய இனம்தானா என்ற கேள்வி பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. தூய்மையையே கொள்கையாகக் கொண்டிருந்த பண்ணைக்கு இது சிறிய கேள்வி அன்று. எனினும், குட்டிகளின் தோற்றமும் தரமும் வாங்குவோரை ஈர்த்தன.

மகன்களுள் ரசெய்ன், 1926-இல் கலிஃபோர்னியாவில் கார்ன்ஃபிளேக்ஸ் தொழிலதிபர் கெல்லாக்கின் பண்ணைக்குச் சென்றது. 1932-இல் அமெரிக்கா சென்ற ராஃபிள்ஸுக்கு ஸ்கோவ்ரோனெக்கே தந்தை. தாய்வழித் தாத்தாவும் அதுவே. சிறந்த மகனாகக் கருதப்பட்ட நசீம், 1936-இல் சோவியத் ஒன்றியத்தின் டெர்ஸ்க் பண்ணைக்கு விற்கப்பட்டது. அங்கு நசீமின் மகன் நெகாடிவுக்கு 1950-இல் பிறந்த நபோர், 1955-இல் போலந்துக்கு அனுப்பப்பட்டது. பூட்டன் பிறந்தபோது ஸ்கோவ்ரோனெக் மறைந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் அமெரிக்காவுக்குச் சென்ற நபோர், 1969-இல் 1,50,000 டாலருக்கு ஏலம் போனது.

கிராபெட் பண்ணையோ நீடிக்கவில்லை. எம்23 நெடுஞ்சாலை அதன் நிலத்தின் குறுக்கே அமைந்ததால், 1970-களின் தொடக்கத்தில் எஞ்சிய குதிரைகள் விற்கப்பட்டு, பண்ணை மூடப்பட்டது.