பொஸ்டன் குண்டுவெடிப்பு வழக்கு: கைதுக்குப் பின் எழுந்த கேள்விகள்

பயங்கரவாதச் சந்தேகநபர் ஒருவர் பிடிபட்டார் என்ற செய்தி வந்தவுடன் பொதுமக்கள் மனதில் வழக்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சட்டத்தைப் பொறுத்தவரை அப்போதுதான் அது தொடங்குகிறது. இந்த இரண்டு பார்வைகளும் மோதும்போது என்ன நடக்கும் என்பதை 2013 ஆம் ஆண்டின் பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்பு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. புலம்பெயர்ந்து வாழும் எமக்கு இதில் இன்னோர் அக்கறையும் உண்டு. பிடிபட்ட இளைஞர், எம் பிள்ளைகள் பலரைப் போலவே, அரசியல் தஞ்சம் பெற்ற குடும்பம் ஒன்றில் வளர்ந்தவர்.

நடந்தது என்ன?

2013 ஏப்ரல் 15 ஆம் திகதி, பொயில்ஸ்டன் வீதியில் மரதன் முடிவுக்கோட்டுக்கு அருகே, பிரஷர் குக்கர்களுக்குள் வைக்கப்பட்ட இரண்டு குண்டுகள் சில விநாடிகள் இடைவெளியில் வெடித்தன. 8 வயதுச் சிறுவன் ஒருவனும், 23 வயதான சீன மாணவி ஒருவரும், 29 வயதான பெண் ஒருவரும் உயிரிழந்தனர். 260 இற்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அவர்களில் பலர் கால்களை இழந்தனர்.

மூன்று நாட்களின் பின்னர் எப்.பி.ஐ. இரு சந்தேகநபர்களின் படங்களை வெளியிட்டது. அன்றிரவே எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பொலிஸ் அதிகாரி ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். தொடர்ந்து வோட்டர்டவுனில் நடந்த மோதலின் பின்னர் மூத்த சகோதரர் தமர்லான் சார்னயேவ் உயிரிழந்தார். 19 வயதான இளையவர் ஷோகார் தப்பியோடினார். மறுநாள் பொஸ்டனும் சுற்றுப்புறங்களும் வீட்டுக்குள் முடங்கின. மாலையில், வீடொன்றின் பின்வளவில் நிறுத்தப்பட்டிருந்த படகுக்குள் அவர் காயங்களுடன் பிடிபட்டார்.

சகோதரர்கள் இருவரும் செச்சென் இனப் பின்னணி கொண்டவர்கள். கிர்கிஸ்தானில் பிறந்த ஷோகார் 2002 இல், 8 வயதில், அமெரிக்கா வந்தவர். குண்டுவெடிப்புக்கு ஏழு மாதங்களுக்கு முன்னர், 2012 செப்டெம்பர் 11 அன்று, அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார். பின்னர் எழுந்த சட்டக் கேள்விகளில் இந்தக் குடியுரிமைக்கு முக்கிய இடம் இருந்தது.

வீதியில் எழுந்த குரல்

கைதுச் செய்தி பரவியதும் மக்கள் வீதிக்கு வந்தனர். கொடிகளை அசைத்தனர், திரும்பிச் சென்ற பொலிஸ் வாகனங்களைக் கைதட்டி வழியனுப்பினர். ஐந்து நாட்கள் அச்சத்தில் இருந்த நகரம் ஆறுதலடைந்ததில் வியப்பில்லை.

ஆனால் அதே வாரத்தில் நடந்த வேறு சில விடயங்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். குண்டுவெடிப்பில் காயமடைந்த சவூதி மாணவர் ஒருவர் சந்தேகநபராகப் பேசப்பட்டார். நியூயோர்க் போஸ்ட் பத்திரிகை, சம்பவத்துடன் எந்தத் தொடர்பும் இல்லாத இரு இளைஞர்களின் படத்தை முதற்பக்கத்தில் வெளியிட்டது. இணையத்தில் துப்புத் துலக்கப் புறப்பட்டவர்கள், ஏற்கெனவே காணாமற்போயிருந்த இந்திய வம்சாவளிப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரைக் குண்டுதாரி என்றனர். சில நாட்களில் அந்த மாணவரின் உடல் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த குடும்பம், அந்தத் துயரத்தோடு வசவையும் சுமக்க நேர்ந்தது.

செச்சினியாவையும் செக் குடியரசையும் பலர் குழப்பிக்கொண்டதால், இவை இரண்டும் முற்றிலும் வெவ்வேறானவை என்று வொஷிங்டனில் இருந்த செக் தூதுவர் அறிக்கை விடவேண்டி வந்தது. சகோதரர்களின் தந்தையுடன் பிறந்தவர் ஊடகங்கள் முன் தோன்றி, இவர்கள் தம் குடும்பத்துக்கும் செச்சென் இனம் முழுவதற்கும் இழுக்குத் தேடித்தந்துவிட்டதாகக் கொதித்தார். ஒருவர் செய்ததற்கு இனமே பதில் சொல்லவேண்டி வரும் என்ற அச்சம் எமக்கும் புதிதல்ல.

இறந்த தமர்லானின் உடலை அடக்கம் செய்வதிலும் சிக்கல் எழுந்தது. வூஸ்டரில் உடலைப் பொறுப்பேற்ற மலர்ச்சாலைக்கு முன்னால் எதிர்ப்பு ஆர்ப்பாட்டம் நடந்தது. மசாசூசெட்ஸில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இறுதியில் வேர்ஜீனியா மாநிலத்தின் சிறிய முஸ்லிம் மயானம் ஒன்றில் அடக்கம் செய்யப்பட்டார்.

மிராண்டா உரிமை

கைதுக்குப் பின் எழுந்த முதல் சட்டக் கேள்வி, அவருக்கு உரிமைகளை வாசித்துக் காட்டவேண்டுமா என்பது. 1966 இல் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் வழங்கிய மிராண்டா தீர்ப்பின்படி, காவலில் உள்ளவரை விசாரிக்கமுன் பொலிஸார் நான்கு விடயங்களைச் சொல்லவேண்டும். அவர் மௌனமாக இருக்கலாம், சொல்வது அவருக்கு எதிராகப் பயன்படுத்தப்படலாம், சட்டத்தரணியை வைத்திருக்கலாம், வசதியில்லாவிட்டால் அரசே ஒருவரை நியமிக்கும்.

இதுபற்றிப் பரவலான தவறான எண்ணம் ஒன்று உண்டு. உரிமையை வாசிக்காவிட்டால் கைதானவர் விடுதலையாகிவிடுவார் என்று பலர் நினைக்கின்றனர். அப்படியல்ல. அவ்வாறு பெறப்பட்ட வாக்குமூலத்தை, குற்றத்தை நிறுவும் சான்றாக அரச தரப்பு முன்வைக்க முடியாது என்பதே பிரதான விளைவு. ஏனைய சான்றுகளைக் கொண்டு வழக்கை நடத்தலாம்.

இந்த விதிக்கு 1984 இல் குவார்ல்ஸ் வழக்கில் ஒரு விலக்கு ஏற்படுத்தப்பட்டது. பொதுமக்களுக்கு உடனடி ஆபத்து இருந்தால், அதைத் தடுப்பதற்கான கேள்விகளை உரிமை வாசிக்காமலே கேட்கலாம். அந்த வழக்கில் பொலிஸார் கேட்டது, துப்பாக்கி எங்கே என்ற ஒரு கேள்வியைத்தான். பொஸ்டனில் இதே விலக்கின் கீழ், வைத்தியசாலைப் படுக்கையில் இருந்த சார்னயேவ் மணிக்கணக்காக விசாரிக்கப்பட்டார். பேச இயலாததால் பெரும்பாலான பதில்களை எழுதிக் கொடுத்தார். சட்டத்தரணி வேண்டும் என்று பலமுறை கேட்டதாக அவரது தரப்பு பின்னர் நீதிமன்றில் தெரிவித்தது. ஏப்ரல் 22 ஆம் திகதி நீதிவான் ஒருவர் அவரது படுக்கையருகே வந்து உரிமைகளை அறிவித்தார்.

ஒரு கேள்விக்காகத் திறந்த கதவின் வழியாக இத்தனை மணிநேர விசாரணை நுழையலாமா என்று சிவில் உரிமை அமைப்புகள் கேட்டன. இக்கேள்விக்கு இவ்வழக்கில் தீர்ப்புக் கிடைக்கவில்லை. அந்த வாக்குமூலத்தைத் தமது பிரதான சான்றாகப் பயன்படுத்தப் போவதில்லை என்று அரச தரப்பே கூறிவிட்டது. கமெராப் பதிவுகளும், படகின் உட்புறத்தில் அவர் எழுதியிருந்த குறிப்பும், நேரில் கண்டவர்களின் சாட்சியமுமே வழக்குக்குப் போதுமானதாக இருந்தன.

இராணுவத்திடமா, நீதிமன்றத்திடமா?

லின்ட்சி கிரஹாம், ஜோன் மக்கெய்ன் முதலிய செனட்டர்கள், இவரைப் பகைப் போராளியாக வகைப்படுத்தி, சட்டத்தரணியின்றி விசாரிக்கவேண்டும் என்று கோரினர். ஒபாமா நிர்வாகம் அதை ஏற்கவில்லை. அமெரிக்கக் குடிமக்களை இராணுவ ஆணைக்குழுக்கள் முன் நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. 2002 இல் சிக்காகோ விமான நிலையத்தில் கைதான ஹோசே பதீயா என்ற அமெரிக்கக் குடிமகன், பகைப் போராளி எனப்பட்டு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் இராணுவச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். கடைசியில் அவரையும் சாதாரண நீதிமன்றத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். அங்கேதான் 2007 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

சார்னயேவ் வழக்கு சமஷ்டி நீதிமன்றில் நடந்தது. 2015 ஏப்ரல் 8 அன்று 30 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என ஜூரிகள் தீர்மானித்தனர். சாதாரண நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்கைத் தாங்காது என்ற வாதம் அன்றே அடிபட்டுப் போயிற்று.

தண்டனையும் ஜூரிகளும்

மசாசூசெட்ஸ் மாநிலச் சட்டத்தில் மரண தண்டனை இல்லை. ஆனால் வழக்கு சமஷ்டிச் சட்டத்தின் கீழ் தொடரப்பட்டதால் அரசு அதைக் கோரியது. கொல்லப்பட்ட சிறுவனின் பெற்றோர், மரண தண்டனைக் கோரிக்கையைக் கைவிடுமாறு 2015 ஏப்ரலில் பொஸ்டன் குளோப் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினர். மேன்முறையீடுகள் ஆண்டுக்கணக்கில் நீளும். தமது மற்றப் பிள்ளைகள் அந்த நாளின் நினைவோடேயே வளரவேண்டி வரும் என்பதே அவர்களது கவலை. அடுத்த மாதம் ஜூரிகள் மரண தண்டனையைத் தேர்ந்தனர்.

பெற்றோர் அஞ்சியதுதான் நடந்தது. 2020 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மரண தண்டனையை நீக்கியது. ஜூரிகள் ஊடகங்களில் என்ன பார்த்தார்கள், என்ன வாசித்தார்கள் என்பது போதியளவு விசாரிக்கப்படவில்லை என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. 2022 மார்ச்சில் அதியுயர் நீதிமன்றம் 6 இற்கு 3 என்ற பெரும்பான்மையில் தண்டனையை மீண்டும் நிலைநிறுத்தியது. 2024 மார்ச்சில், இரண்டு ஜூரிகளின் பக்கச்சார்பு குறித்து விசாரிக்குமாறு மேன்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒருவர் குண்டுவெடிப்புப் பற்றி டுவிட்டரில் பல தடவை எழுதியிருந்தார். மற்றவரின் முகநூலில், நடித்து ஜூரியில் சேர்ந்துகொள் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். இந்த விசாரணையின் முடிவு எதுவானாலும் குற்றத்தீர்ப்பு மாறாது. சார்னயேவ் ஆயுள் முழுவதும் சிறையிலேயே இருப்பார் என்பதை நீதிமன்றம் தெளிவாகக் கூறியது.

நாம் கவனிக்கவேண்டியது இதுதான். மிராண்டா உரிமை கொடுத்ததாலோ, அரச செலவில் திறமையான சட்டத்தரணிகளை நியமித்ததாலோ வழக்கு இழுபடவில்லை. தண்டனையைத் திரும்பத் திரும்ப அசைத்தது, வழக்குக்கு முன்னரே முடிவு கட்டிவிட்ட பொதுக்கோபம் ஜூரிகளின் ஆசனம் வரை சென்றதா என்ற கேள்வி.

எமக்கு இதில் என்ன?

வாக்குமூலத்தின் பெறுமதி எம்மவருக்கு ஏட்டுப் படிப்பல்ல. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸாரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்பதில்லை. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தப் பாதுகாப்பை அகற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் செல்லும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே விழுந்தது. தடுப்புக்காவல் 18 மாதங்கள் வரை நீடிக்கலாம் என்றிருந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதங்களாக்கியது. தெரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் ஒப்பமிட்டதாகச் சொன்னவர்களின் வழக்குகளை நாம் நன்கு அறிவோம்.

அதனால்தான், எவர் பிடிபட்டார் என்று கேள்விப்பட்டாலும் நாம் சொற்களில் நிதானமாக இருக்கவேண்டும். கைதானவர் சந்தேகநபர், வழக்குத் தொடரப்பட்ட பின் குற்றஞ்சாட்டப்பட்டவர், தீர்ப்பின் பின்னரே குற்றவாளி. பொஸ்டனில் நடந்தது கொடிய குற்றம். அதைச் செய்தவர் யார் என்பதில் இன்று ஐயமில்லை. ஆனால் அதே வாரத்தில் பொதுமக்கள் விரல் நீட்டியவர்களுள் பலர் எதுவுமே செய்யாதவர்கள். கைதாகும் வேளையில் இந்த இருவகையினரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழும்போது, அதை அடுத்தவருக்கு அனுப்பமுன் எம் பிள்ளைகள் இதை நினைத்துப் பார்த்தாலே பெரிய காரியம்.