விருது மேடையில் பாட்டு: எதைக் கேட்டு மதிப்பிடுவது?

2017 நவம்பர். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருது விழா, சுருக்கமாக சி.எம்.ஏ. அந்த ஆண்டின் உச்ச விருதான 'ஆண்டின் சிறந்த என்டர்டெய்னர்' கார்த் புரூக்ஸுக்குப் போனது. ஆனால் அதே இரவு, அதே மேடையில் அவர் பாடியது நேரலைக் குரல் இல்லை. ஏற்கெனவே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்தார். தொடர்ந்து நிகழ்ச்சிகள் செய்ததில் குரல் ஒத்துழைக்கவில்லை என்று விழா முடிந்ததும் அவரே நிருபர்களிடம் சொன்னார்.

2024 டிசம்பர் 25. சென்னை மியூசிக் அகாடமி. அந்த ஆண்டுக்கான 'சங்கீத கலாநிதி'யாகத் தேர்வான டி.எம். கிருஷ்ணாவின் கச்சேரி. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் கலைஞர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்து சீசனிலிருந்து விலகியிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தது. அன்று அரங்கில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேரால் இதையெல்லாம் மறந்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டிருக்க முடியும்?

இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான். விருது என்ற பெரிய விஷயம் பக்கத்தில் நிற்கும்போது, அன்றைக்கு மேடையில் கேட்ட பாட்டைப் பற்றி நேர்மையாக எழுதுவது எப்படி?

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939இலிருந்து ராமநவமி இசை விழா நடத்தி வருகிறது. கே.ஆர். சாலையில் 1905இல் தொடங்கிய பெங்களூர் கான சமாஜம் தன் இசை மாநாட்டில் 'சங்கீத கலாரத்னா' பட்டம் தருகிறது. இந்த மேடைகளில் பாடுபவர்களில் பலர் பெரிய விருதுகளோடு வருபவர்கள். கேட்டுவிட்டு வந்து 'செம கச்சேரி' என்று ஒரு வரி ஸ்டேட்டஸ் போட்டாலும் அது ஒரு விமர்சனம்தான். அந்த ஒரு வரியை எப்படிக் கொஞ்சம் உருப்படியாகச் சொல்வது என்று பார்ப்போம்.

விருது எதற்கு, விமர்சனம் எதற்கு?

சங்கீத கலாநிதி ஒரு வாழ்நாள் கணக்கு. 1942இல் ஏற்பட்ட இந்தப் பட்டத்துக்குத் தேர்வானவர் அந்த ஆண்டு அகாடமி மாநாட்டுக்குத் தலைமை தாங்குவார். ஜனவரி 1ஆம் தேதி சதஸில் பட்டம் வழங்கப்படும். பல பத்தாண்டுப் பாட்டு, கற்பித்தல், ஆய்வு எல்லாம் அதில் அடக்கம்.

சி.எம்.ஏ. அப்படியில்லை. 1967இல் தொடங்கிய அந்த விருது ஓராண்டுக் கணக்கு. இசைத் தொழிலில் இருக்கும் உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கன்ட்ரி என்பது அமெரிக்கத் தென் மாநிலங்களின் கிராமியப் பாட்டு, தேவாலயப் பாட்டு, புளூஸ் எல்லாம் கலந்து வளர்ந்த இசை. கிதார், பிடில், பாஞ்சோ அதன் அடையாளம்.

இந்த இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. கலைஞர் மேடை ஏறும் முன்பே விருது முடிவாகிவிடுகிறது. அதாவது, விழாக் கச்சேரி நன்றாக இருந்ததால் விருது கிடைக்கவில்லை. சுமாராக இருந்தாலும் விருது பறிபோகாது. விருது கலைஞருக்கு, விமர்சனம் அந்த ஒரு இரவுக்கு. 'கலாநிதி வாங்கினவர், நல்லாத்தான் பாடியிருப்பார்' என்பதும், 'இவருக்கா விருது? பாட்டு சரியில்லை' என்பதும் ஒரே கோளாறின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் காது வேலை செய்யவில்லை.

தமிழில் இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியில், பெரிய பெயர் என்பதற்காகச் சலுகை கிடைக்காது. டெல்லியில் மத்திய அரசு வேலையில் இருந்துகொண்டே ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் எழுதிய சுப்புடுவும் அப்படித்தான். அவர்களோடு உடன்படாதவர்கள் நிறையப் பேர். ஆனால் அன்றைக்கு மேடையில் என்ன நடந்தது என்பதை அவர்கள் எழுத்திலிருந்து தெரிந்துகொள்ள முடிந்தது.

முதல் கேள்வி: இது நிஜமாகவே லைவ்தானா?

தொலைக்காட்சி விருது விழாவில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. குரல் மட்டும் லைவ், வாத்தியம் எல்லாம் பதிவு; வாத்தியம் லைவ், பின்னணிக் குரல்கள் பதிவு; எல்லாமே பதிவு என்று பல வகை உண்டு. ஒளிபரப்பில் சொதப்பல் வரக் கூடாது என்பது தயாரிப்பாளர்களின் கவலை.

1994இல் இன்னொரு கன்ட்ரி விருது விழாவான ஏ.சி.எம்.மில், பதிவு செய்த ட்ராக்கை ஓடவிட்டுப் பாடச் சொன்னார்கள் ஆலன் ஜாக்சனை. அவர் வாக்குவாதம் செய்யவில்லை. தன் டிரம்ஸ் கலைஞரைக் குச்சி இல்லாமல் வாசிக்கச் சொன்னார். டிவியில் டிரம்ஸ் சத்தம் கேட்கிறது; வாசிப்பவர் கையில் குச்சியே இல்லை! கவனித்துப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கர்நாடகக் கச்சேரியில் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் எழாது. ஆலாபனையும் நிரவலும் கல்பனாஸ்வரமும் அந்த நேரத்தில் பிறப்பவை. பாடகர் ஒரு ஸ்வரக் கோர்வையைப் போட, வயலின் அதைப் பிடித்துத் திருப்பித் தருவதை முன்கூட்டிப் பதிவு செய்து ஓட்ட முடியாது. ஆனால் லைவ் என்பதாலேயே எல்லாம் புதிது என்று ஆகிவிடாது. அதே ராகத்தை அதே வரிசையில், அதே பிடிகளோடு பத்து ஊரில் பாடுவதும் உண்டு. எனவே இங்கே கேட்க வேண்டியது வேறு: இன்றைக்கென்று எது பிறந்தது, எது ஏற்கெனவே தயாராக இருந்தது?

இரண்டாவது: நேரம் யாருக்கு, எவ்வளவு?

இசையைப் பற்றி எண்ணில் சொல்லக்கூடியது குறைவு. நேரம் அதில் ஒன்று. போனில் மணி பார்க்கத் தெரிந்தால் போதும், ராக ஞானம் தேவையில்லை.

1999 சி.எம்.ஏ. விழாவில் நேரமே பிரச்சினை ஆனது. மூத்த பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸின் 'சாய்ஸஸ்' பாட்டு விருதுப் பட்டியலில் இருந்தது. ஆனால் மேடையில் அதைச் சுருக்கிப் பாடும்படி கேட்டார்கள். அவர் மறுத்து, விழாவுக்கே வரவில்லை. அன்றிரவு ஆலன் ஜாக்சன் தன் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். ஜோன்ஸின் பாட்டை எடுத்துப் பாடினார். முடித்ததும் மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டார். 'அந்தப் பாட்டுக்கு நேரம் இல்லை' என்று சொன்னவர்களுக்குத் தன் நேரத்திலிருந்தே பதில் தந்துவிட்டார்.

நம் கச்சேரிக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் கிடைக்கிறது. வர்ணத்தில் தொடங்கி, சிறு கிருதிகள், பிரதான உருப்படி, தனி ஆவர்த்தனம், துக்கடாக்கள் என்ற வரிசையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த பெருமை அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குச் சொல்லப்படுகிறது. இதில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று குறித்துப் பாருங்கள். உதாரணமாக, 150 நிமிடக் கச்சேரியில் பிரதான உருப்படி 50 நிமிடம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. முதல் ஒரு மணி நேரத்தில் ஏழு பாட்டு ஓடிவிட்டால் எதற்கும் ஆழம் இருந்திருக்காது. விருதுப் பாராட்டுரைகள் நீண்டதால் கச்சேரி சுருங்கியது என்றால் அதையும் எழுதலாம். அது பாடகரின் குறை அல்ல, ஏற்பாட்டின் குறை.

மூன்றாவது: எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள்?

விமர்சனங்களில் அடிக்கடி விட்டுப்போகும் தகவல் இது. கோட்டைப் பள்ளி மைதானம் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பக்கம். நடப்பது பந்தலில். ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஆலாபனை கேட்கும் அனுபவம் பெங்களூர் ரசிகர்களுக்குப் பழக்கம். சுவர் இல்லாத இடத்தில் ஒலி முழுக்க மைக்கையும் ஸ்பீக்கரையும் நம்பி இருக்கிறது. மிருதங்கம் அதிரடியாகக் கேட்டால், வாசித்தவர் அதிரடியாக வாசித்தார் என்று அர்த்தமில்லை. மிக்ஸரில் கை வைத்தவர் ஏற்றியிருக்கலாம். தம்புரா காதில் விழவில்லை என்றால் சுருதி பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் யோசிக்க வேண்டும்.

மிருதங்கக் கலைஞர்களில் முதன்முதலாக, 1966இல், சங்கீத கலாநிதி ஆன பாலக்காடு மணி ஐயர், மைக் வேண்டாம் என்று வாதாடியவர். வாத்தியத்தின் நாதத்தை மைக் மாற்றிவிடுகிறது என்பது அவர் கவலை.

டிவி விருது விழாவில் இது இன்னும் சிக்கல். அரங்கில் இருப்பவர் கேட்பதும் வீட்டில் இருப்பவர் கேட்பதும் தனித்தனி மிக்ஸ். நாஷ்வில்லில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் சி.எம்.ஏ. ஒளிபரப்பின்போது பெங்களூரில் மறுநாள் காலை 6.30 மணி. இங்கே இயர்போனில் கேட்டு எழுதுபவர், அரங்கில் உட்கார்ந்தவருக்குக் கேட்டதைப் பற்றி எழுதவே முடியாது. 'பந்தலில், வலது பக்கம் பின்வரிசையில்', 'லைவ்ஸ்ட்ரீமில்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் வாசகர் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்வார்.

நான்காவது: விருதில் பெயர் வராதவர்கள்

விருதுப் பத்திரத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். மேடையிலோ குறைந்தது மூன்று பேர். வயலினும் மிருதங்கமும் சேர்த்துக் கட்டியதுதான் கச்சேரி. ஆனாலும் பல விமர்சனங்களில் பக்கவாத்தியத்துக்குக் கடைசியில் 'அனுசரணையாக வாசித்தனர்' என்ற ஒரே வரிதான். எந்தக் கச்சேரிக்கும் பொருந்தும் வரி என்பதால் அது எந்தக் கச்சேரியைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

இந்த விஷயத்தில் பெங்களூருக்கு ஒரு பெருமை உண்டு. மல்லேஸ்வரத்தில் 1980இல் திறக்கப்பட்ட வயலின் வடிவ சௌடையா நினைவு அரங்கம், முக்கியமாகப் பக்கவாத்தியத்துக்குப் பேர்போன ஒரு கலைஞரின் பெயரில் இருக்கிறது. மைக் இல்லாத காலத்தில் பாடகரின் குரலுக்கு ஈடாக வயலின் கேட்க வேண்டும் என்று ஏழு தந்தி வயலினை உருவாக்கியவர் டி. சௌடையா, 1957இல் சங்கீத கலாநிதி. முதன்மைக் கலைஞருக்குப் பக்கத்தில் இருப்பவரின் நாதம் கடைசி வரிசைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவர்.

பாடகர் விட்ட இடத்தை வயலின் எப்படி எடுத்தது? தனி ஆவர்த்தனத்துக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது? அப்போது எத்தனை பேர் காபி குடிக்க எழுந்து போனார்கள்? இதெல்லாம் எழுத வேண்டிய விஷயங்கள்தான்.

சர்ச்சை இருந்தால் என்ன செய்வது?

மறுபடி 2024க்கு வருவோம். அங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பின. சங்கீத கலாநிதி அகாடமி தரும் பட்டம். அதைப் பெறுபவருக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் தி இந்து குழுமம் நிறுவிய ரொக்கப் பரிசு வேறு. எம்.எஸ்.ஸின் பேரன் தொடர்ந்த வழக்கு இரண்டாவதைப் பற்றியது. எம்.எஸ். பெயரிலான அந்த விருதைப் பெற்றவராக கிருஷ்ணா தன்னை முன்னிறுத்தக் கூடாது என்று 2024 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. கலாநிதி பட்டத்துக்கு அது தடை அல்ல.

இதைக் கச்சேரி விமர்சனத்தில் எழுதக் கூடாதா? எழுதலாம், பின்னணியாக. 2015இல் 'இனி டிசம்பர் சீசனில் பாட மாட்டேன்' என்று அறிவித்தவர் மறுபடி அந்த மேடையில் அமர்ந்தார் என்பது செய்தி. எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தார், எந்த வரிசையில் பாடினார் என்பதற்கும் அந்தப் பின்னணியில் ஒரு பொருள் இருக்கலாம். ஆனால் ராகம் எப்படி விரிந்தது, குரல் மேல் ஸ்தாயியில் நின்றதா என்ற கேள்விகளுக்கு நீதிமன்றத்தில் பதில் இல்லை. அவருடைய கருத்துகள் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் இந்த இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

அப்போ, நோட்டில் என்ன குறிக்கலாம்?

1. தொடங்கிய நேரம், ஒவ்வொரு உருப்படியும் எடுத்துக்கொண்ட நிமிடங்கள், முடிந்த நேரம்.
2. எங்கே, எதன் வழியாகக் கேட்டீர்கள்: அரங்கு, பந்தல், போன்.
3. எதிர்பாராமல் நடந்த ஒரு இடம். யார் தொடங்கினார், மற்றவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள்?
4. வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா: ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு குறிப்பான வாக்கியம்.
5. பிடிக்காத ஒன்று, அதற்கான காரணத்தோடு. 'போர்' என்பது காரணம் இல்லை.
6. ராகம் தெரியவில்லையா? பெயரை ஊகிக்க வேண்டாம். கேட்டதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.

இதெல்லாம் எதற்கு?

ஒரு மேடை ஒரு கலைஞரின் பாதையையே மாற்றிவிடும் என்பதால். 2015 சி.எம்.ஏ. விழாவில், அதிகம் பேருக்குத் தெரியாத கிறிஸ் ஸ்டேபிள்டன், ஜஸ்டின் டிம்பர்லேக்கோடு சேர்ந்து பாடினார். அன்று அவருக்கு மூன்று விருதுகளும் கிடைத்தன. ஆறு மாதங்களுக்கு முன் வெளியாகியிருந்த அவருடைய 'டிராவலர்' ஆல்பம் அதற்குப் பிறகு பில்போர்டு 200 பட்டியலில் முதல் இடத்துக்குத் தாவியது. விருதோடு அந்தப் பாட்டும் நாட்டுக்கே கேட்டதுதான் காரணம்.

பந்தலில் வாசிக்கும் இளம் வயலின் கலைஞருக்கு அப்படி ஒரு ஒளிபரப்பு கிடையாது. விருது பெற்றவரின் பெயரை விருதுப் பட்டியல் எப்படியும் நினைவில் வைத்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர் அன்று எப்படி வாசித்தார் என்பதைச் சொல்ல, கேட்டவர்கள் எழுதும் நாலு வரி மட்டும்தான் இருக்கிறது. அந்த நாலு வரியில் ஒன்றாவது அவருக்குப் போகட்டும்.