நான் நடத்தாமல் விட்ட பாடம்: சீனியின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி குடித்துக்கொண்டே படிக்கலாம். அந்தக் காப்பியில் எத்தனை கரண்டி சீனி என்பதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் தன் ரத்தப் பரிசோதனைத் தாளை அனுப்பியிருந்தார். வயது நாற்பதுதான். சாப்பிடும் முன் 210, சாப்பிட்ட பின் 320. அதன் கீழே ஒரு வரி: "சார், ஏழாம் வகுப்புல நீங்க குடுத்த ஆரஞ்சு மிட்டாய்தான் சார் ஆரம்பம்." விளையாட்டாகத்தான் எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சரியான பதில் சொன்னால் ஒரு ஆரஞ்சு மிட்டாய். மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு பாக்கெட் இருக்கும். கொலம்பஸ் புறப்பட்ட ஆண்டு எது என்று கேட்பேன். 1492 என்று கத்துவீர்கள். மிட்டாய் கொடுப்பேன். ஆனால் அந்த மிட்டாய்க்கும் கொலம்பஸுக்கும் உள்ள தொடர்பை ஒரு நாளும் நான் சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை, அதனால் சொல்லவில்லை. இப்போது எனக்கு 66 வயது. எனக்கும் சர்க்கரை இருக்கிறது. விட்டுப்போன பாடத்தை இன்று நடத்துகிறேன்.

முதலில் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் மூன்று மாதச் சராசரி பார்க்கும் சோதனையில் எனக்கு 8.9 வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், இனிப்பை நிறுத்தச் சொன்னார். பகலெல்லாம் நிறுத்தினேன். இரவு பதினோரு மணிக்கு அடுக்களைக்குப் போய், விளக்கைப் போடாமல், சீனி டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் அள்ளித் தின்றேன். ஒரு நாள் இல்லை, பல நாள். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் என் துணைவியார் நிற்கிறார். ஒன்றுமே சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

நம்மால் ஏன் விட முடியவில்லை என்று அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது என் நாக்கின் கதை மட்டும் இல்லை என்று தெரிந்தது.

கரும்பை முதலில் பயிராக்கியது நியூகினித் தீவு மக்கள். அவர்கள் அதைக் கடித்து மென்றார்கள், அவ்வளவுதான். அங்கிருந்து பல ஆயிரம் ஆண்டுகளில் அது நம் பக்கம் வந்தது. அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். கரும்பு காய்ச்சும் ஆலையைப் பட்டினப்பாலை பேசுகிறது. ஆக, இனிப்பு நமக்குப் புதிதல்ல.

கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பரல்பரலாக உறைய வைக்கும் வித்தை, குப்தர் காலத்தை ஒட்டி இந்தியாவில் தேர்ந்தது. வடமொழியில் சர்க்கரா என்றால் பருக்கைக்கல், சரளை. அந்தச் சொல்தான் அரபியில் சுக்கர் ஆகி, ஆங்கிலத்தில் சுகர் ஆயிற்று. கண்டம் என்ற சொல் கேண்டி ஆயிற்று. நம் கற்கண்டும் அந்தக் குடும்பம்தான். கி.பி. 647இல் சீனப் பேரரசர் தாய்சோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகத நாட்டுக்கு ஆள் அனுப்பினார். நம்மிடம் கற்றுப்போன அந்த நாட்டை ஒட்டித்தான் பிறகு வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்று பேர் வந்தது. நம் திருநெல்வேலிப் பக்கம் இன்றும் வெள்ளையாக இருப்பது சீனி, நாட்டுச் சர்க்கரைதான் சர்க்கரை.

நோயும் பழையதுதான். சுசுருதர் இதை மதுமேகம் என்றார். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நம் பழைய வைத்தியர்கள் கவனித்திருந்தார்கள். அப்போது அது வசதியாக உண்டு, உட்கார்ந்திருப்பவர்களின் நோய். ஏழைக்கு அந்தக் கவலை இல்லை. அவனுக்கு இனிப்பு கிடைத்தால்தானே! பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும்தான் இனிப்பு.

அது எப்படித் தினசரிப் பண்டமாயிற்று? இங்கேதான் கொலம்பஸ் வருகிறார்.

1493இல் அவர் இரண்டாம் முறை கப்பல் ஏறியபோது கானரித் தீவுகளிலிருந்து கரும்புக் கரணைகளை எடுத்துப் போனார். இன்றைய ஹெய்டியும் டொமினிகன் குடியரசும் இருக்கும் தீவில் அவை நடப்பட்டன. பிரேசில், பார்படோஸ், ஜமைக்கா என்று கரும்பு பரவியது. மண்ணும் மழையும் இருந்தன. வேலைக்கு ஆள் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து விலைக்கு வாங்கிக் கொண்டுவந்தார்கள். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கடலிலேயே இறந்தார்கள். கரை சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் கரும்புக்காகவே உழைத்தார்கள்.

கரும்பு வெட்டினால் சாறு புளிப்பதற்குள் ஆட்டிவிட வேண்டும். நம் ஊரில் ஆலை ஓடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் அறுவடைக் காலத்தில் அவர்களுக்கு இரவும் பகலும் வேலை. தூக்கக் கலக்கத்தில் உருளைக்குள் கை போய்விடும். உடனே கையை வெட்டி ஆளை இழுக்க, பக்கத்திலேயே கோடரி வைத்திருப்பார்கள். இதைப் படித்த அன்று எனக்குக் காப்பி இறங்கவில்லை.

இப்படி உழைப்பைப் பறித்ததால் சீனி விலை இறங்கியது. இங்கிலாந்தின் கணக்கைப் பாருங்கள். 1700இல் ஓர் ஆள் ஆண்டுக்குச் சாப்பிட்டது சுமார் 4 பவுண்டு, அதாவது இரண்டு கிலோவுக்கும் குறைவு. 1800இல் 18 பவுண்டு. 1901இல் 90 பவுண்டு, சுமார் 40 கிலோ. இருநூறு ஆண்டுகளில் மனிதனின் நாக்கு மாறவில்லை. விலைதான் மாறியது. ஆலைத் தொழிலாளிக்குச் சமைக்க நேரமில்லை. சூடான தேநீரில் சீனி, ரொட்டியில் சீனிப்பாகில் செய்த ஜாம். மலிவான தெம்பு அது. பசி அடங்கும், மறுபடி வேலைக்குப் போகலாம்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 1791இல் இங்கிலாந்தில் அடிமை உழைப்பின் சீனியை விலக்குவோம் என்று ஓர் இயக்கம் எழுந்தது. லட்சக்கணக்கான குடும்பத்தினர் தேநீரில் சீனி போடுவதை நிறுத்தினார்கள். வீட்டுக்கு என்ன வாங்குவது என்று தீர்மானித்த பெண்கள்தான் அதன் முதுகெலும்பு. இந்த இடத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

1834இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிந்தது. நட்ட ஈடாக இரண்டு கோடி பவுண்டு கொடுத்தார்கள். அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு! அடுத்து, கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டுமே? நம் ஆட்கள் போனார்கள். மொரீசியஸுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர். நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆண்களுக்கு மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். 1879இலிருந்து பிஜித் தீவுக்கும் கப்பல்கள் போயின. அங்கே கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைத்தான் பாரதியார் பாடினார். அந்தப் பாட்டை உங்களுக்கு ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். பாடி முடித்ததும் மிட்டாயும் கொடுத்தேன்!

நம் வீடுகளுக்குள் சீனி வந்த கதை இன்னும் பிந்தியது. எங்கள் வீட்டில் பாட்டி காலத்தில் கருப்பட்டிக் காப்பிதான். உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு ஒரு வேளை குடிப்பார்கள். 1930களில் தேயிலை நிறுவனங்கள் ஊர் ஊராகப் போய்த் தேநீர் போட்டுக்காட்டி, குடிக்கப் பழக்கினார்கள். காப்பியும் டீயும் வந்தன, கூடவே சீனியும் வந்தது. பின்னாளில் ரேஷன் கடையில் சீனி கிடைத்தது. அரிசி வேண்டாம், சீனி போதும் என்று தனி அட்டை வாங்கிய குடும்பங்களும் உண்டு. ஒரு வேளை இரண்டானது, நான்கானது. கூடவே பிஸ்கட், பன், பாட்டில் பானம். 300 மில்லி பாட்டில் பானம் ஒன்றில் சுமார் 30 கிராம் சீனி இருக்கிறது. திருவிழாவுக்கு வந்த விருந்தாளி வீட்டோடு தங்கிவிட்டார்.

பிறக்கும்போதே குழந்தைக்கு இனிப்புப் பிடிக்கும். தாய்ப்பாலே லேசாக இனிப்பதுதான். காட்டில் தேனும் கனியும் அரிதாகக் கிடைத்த காலத்தில் அந்த ஆசை மனிதனைக் காப்பாற்றியது. அதே ஆசையை வைத்துக்கொண்டு, இன்று தெருவுக்கு நாலு பேக்கரிக்கு நடுவில் குடியிருக்கிறோம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. இனிப்பு மட்டுமே காரணமில்லை. மூன்று வேளையும் அரிசி, உட்கார்ந்த வேலை, பரம்பரை எல்லாம் உண்டு. ஆனால் பத்துக் கோடிப் பேரும் மன உறுதி இல்லாதவர்கள் என்று சொன்னால் அது நியாயமா?

நம்மைக் குழப்பவும் சிலர் உழைத்தார்கள். அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் அமைப்பு ஒன்று ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு கட்டுரை எழுத வைத்தது. இதய நோய்க்குக் கொழுப்புதான் காரணம், சீனியின் பங்கு பெரிதில்லை என்கிற தொனியில் அது 1967இல் வெளிவந்தது. பணம் கைமாறிய விவரம் 2016இல்தான் வெளியே தெரிந்தது.

இப்போது என் கண்ணைத் திறந்த செய்திக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல் பிரிட்டனில் சீனிக்கு ரேஷன் வந்தது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு சுமார் 8 அவுன்ஸ், அதாவது நாளுக்கு 32 கிராம். 1953 செப்டம்பரில் ரேஷன் நீங்கியதும் மக்கள் சாப்பிடும் சீனி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் அந்த ரேஷன் காலத்தில் இருந்தவர்களையும், அதற்குப் பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வு வந்தது. ரேஷன் காலத்துக் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவு. ரத்தக் கொதிப்பு 20 சதவீதம் குறைவு.

அந்தத் தாய்மார்கள் யாரும் தவம் செய்யவில்லை. ஆசையை அடக்கவும் இல்லை. வீட்டில் சீனி குறைவாக இருந்தது, அவ்வளவுதான்!

நான் தோற்றது எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. இரவு பதினோரு மணிக்கு டப்பாவின் முன்னால் நின்று சண்டை போட்டேன். சண்டை போட வேண்டிய இடம் பலசரக்குச் சீட்டு. 1791இல் அந்த ஆங்கிலேயப் பெண்கள் பிடித்த இடமும் அதுதான்.

கணக்குப் போட்டேன். நாங்கள் இருவர், மாதம் 4 கிலோ சீனி. ஓர் ஆளுக்கு நாளுக்கு 66 கிராம். விருந்தாளிகளுக்குப் போனதைக் கழித்தாலும் 50க்குக் குறையாது. பிஸ்கட்டும் அல்வாவும் தனி. உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ, 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று. அன்றே துணைவியாரிடம் சொன்னேன்: "இனிமே மாசம் ஒரு கிலோதான் வாங்கணும். தீந்தா தீந்ததுதான்." அவர் சிரித்தார். அந்த ராத்திரிக்குப் பிறகு அந்த விஷயத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

முதல் மூன்று வாரம் கஷ்டம்தான். தலைவலி, எரிச்சல். காப்பியில் இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, ஒன்றாக்கி, அரையாக்கினேன். இப்போது கல்யாண வீட்டுக் காப்பி எனக்குத் திகட்டுகிறது. மூன்று மாதச் சராசரி 7.2க்கு வந்திருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. நடுவில் தீபாவளிக்கு வழுக்கி விழுந்தேன், மறைக்கவில்லை. மறுநாள் எழுந்துகொண்டேன்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. "கருப்பட்டி ஒண்ணும் செய்யாது மாமா" என்று யாரும் எனக்கு வாங்கி வராதீர்கள். எனக்கும் அதன் மேல் பாசம் உண்டு. ஆனால் ரத்தத்துக்குள் போனால் கருப்பட்டியும் வெல்லமும் தேனும் சர்க்கரையைக் கூட்டத்தான் செய்யும். பிள்ளைகள் பார்க்க வரும்போது ஸ்வீட் பாக்ஸுக்குப் பதில் நாலு கொய்யாப்பழம் போதும். யாரும் இந்தப் பதிவைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம். டாக்டரைக் கேளுங்கள்.

அந்த மாணவருக்குப் பதில் எழுதிவிட்டேன்: "தம்பி, மிட்டாய் கொடுத்தது என் தவறுதான். உன் பிள்ளைகளுக்கு நீ அதைச் செய்யாதே. நாளைக்கே டாக்டரைப் பார்." போயிருக்கிறார். மனைவியையும் அழைத்துப் போனாராம்.

கடைசியாக வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை கிலோ சீனி? எத்தனை பேர்? வகுத்து, ஓர் ஆளுக்கு நாளுக்கு எத்தனை கிராம் என்று கீழே எழுதுங்கள். ஏழாம் வகுப்புக் கணக்குதான். பொய்க்கணக்கு எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன். சரியான பதிலுக்கு இந்த முறை மிட்டாய் கிடையாது.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் சார்