குதிரையின் வயிற்றுவலியும் ஒரு ரத்தக்கட்டியும்: மருத்துவ வரலாற்று இழை

1/ குதிரைக்கு வயிற்றுவலி வந்தா லேசுல விடாதுங்க. வியர்த்துக் கொட்டும், தரையில் விழுந்து புரளும், திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கும். வாந்தி எடுக்கவும் அதால் முடியாது. இதற்குப் பெயர் 'கோலிக்'.

2/ 1870ல் ஓட்டோ பொலிங்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பல கோலிக் மரணங்களுக்குக் காரணம் தீவனம் இல்லை, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் இருக்கும் புழுதான் என்பது அவர் வாதம்.

3/ புழுவின் பெயர் ஸ்ட்ராஞ்சிலஸ் வல்காரிஸ். புல்லோடு உள்ளே போகும் லார்வா, குடல் சுவரைத் துளைத்து, தமனியின் உட்சுவர் வழியா மேலே ஏறும். அங்கேயே சில மாதம் குடியிருக்கும். சுவர் புண்ணாகி, வீங்கி, மேலே ரத்தம் உறையும்.

4/ அந்தக் கட்டி உடைந்து சின்னக் கிளைகளை அடைச்சா, குடல் அழுகும். 'த்ராம்போசிஸ்', 'எம்போலிசம்' என்று விர்ச்சோ 1840, 50களில் விளக்கியது, இங்கே குதிரை வயிற்றுக்குள் அப்படியே நடந்தது.

5/ அதோடு முடியாது. குடல் சுவர் கெட்டால் பாக்டீரியா நச்சு ரத்தத்தில் கலக்கும். உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டிகள். உறையவைக்கும் பொருள்கள் தீர்ந்துபோய், கடைசியில் ரத்தக்கசிவு. உறைதலும் கசிவும் ஒரே நேரத்தில்! நாங்க 'டி.ஐ.சி' என்போம்.

6/ 1966ல் கென்டக்கியின் ட்ரட்ஜ், லயன்ஸ் இருவரும் 6-8 வாரத்துக்கு ஒருமுறை புழுமருந்து கொடுக்கச் சொன்னார்கள். 1980களில் ஐவர்மெக்டின் வந்தது. பண்ணைகளில் இந்தப் புழு அரிதானது.

7/ ஆனா ஓயாமல் மருந்து கொடுத்ததில் வேறு சின்னப் புழுக்கள் மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டன. டென்மார்க் 1999ல் சீட்டு இல்லாமல் புழுமருந்து கிடையாது என்றது. சாணத்தைப் பரிசோதித்துத் தேவையான குதிரைக்கு மட்டும் மருந்து. விளைவு? அப்படிச் செய்த பண்ணைகளில் பழைய எதிரி அதிகம் தென்பட்டதாக 2012ல் ஓர் ஆய்வு வந்தது. கூட்டினாலும் ஆபத்து, குறைத்தாலும் ஆபத்து.

8/ மனுஷ டாக்டருக்கு இதில் என்ன வேலைன்னு கேக்கலாம். நமக்கும் குடல் தமனி அடைக்கும். புழுவால் இல்லை, பெரும்பாலும் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்திலிருந்து கிளம்பும் கட்டியால்.

9/ வலி உயிர் போகும், தொட்டுப் பார்த்தா வயிறு மெத்துனு இருக்கும். இதய நோயுள்ள பெரியவருக்குத் திடீர்னு இப்படி வந்தா 'கேஸ்'னு சோடா கொடுத்துப் படுக்க வைக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி. சில மணி நேரத்தில் குடல் கையைவிட்டுப் போயிடும்.

குதிரையால் வலியைச் சொல்ல முடியாது. சொல்லத் தெரிந்தவங்க சொல்லும்போதாவது கேட்போம். 🙏