அடையாள அட்டையும் குடியியல் உரிமையும்: பிரித்தானியாவின் அநுபவம்

அரசுகள் தம் குடிகளை எண்ணுதலும் பதிதலும் புதிய வழக்கமன்று. வரி கொள்ளுதற்கும் படை திரட்டுதற்கும் பண்டைய மன்னரும் குடிக்கணக்கு எடுத்தனர். ஆயின், ஒவ்வொரு குடிமகனுக்கும் இலக்கமிட்ட அட்டையொன்றை வழங்கி, அதிகாரி கேட்டபோது அதனைக் காட்டித் தான் இன்னான் என மெய்ப்பித்தல் அவனது கடமை என விதித்தல் வேறொரு நிலையாகும். பிரித்தானியாவில் இவ்விதி போர்க்காலத்திற் பிறந்தது. அந்நாட்டு மக்கள் முதலில் அதனை ஏற்றதும், பின்னர் வெறுத்து நீக்கியதும், அரை நூற்றாண்டின் பின் மீண்டும் அதனோடு போராடியதும் சிந்தித்தற்குரியன. அட்டையால் விளைவது நன்மையா தீமையா என்னும் வினாவையே பலரும் எழுப்புவர். அதற்கு முன் எழுப்பற்பாலதாகிய வினா ஒன்றுண்டு. இடுக்கண் வந்தபோது மக்கள் மனமொத்து அளித்த அதிகாரம், அவ்விடுக்கண் நீங்கியபின் யாரால், எவ்வாறு திரும்பப் பெறப்படும்? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாம் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டில், பதினைந்து வயது முதல் அறுபத்தைந்து வயது வரையுள்ளோரைப் பதியும் சட்டமொன்று பிரித்தானியாவில் நிறைவேறியது. போர் முடிந்தபின் அப்பதிவும் கைவிடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியா 1939 செப்தெம்பர் 3ஆந் தேதி இறங்கியது. இரண்டே நாட்களில், செப்தெம்பர் 5ஆந் தேதி, தேசியப் பதிவுச் சட்டம் நிறைவேறிற்று. அம்மாதம் 29ஆந் தேதியை ஒட்டி ஏறத்தாழ 65,000 கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் சென்று, குழந்தைகள் உட்பட யாவரையும் பதிந்து அட்டை வழங்கினர். படைக்கும் தொழிலுக்கும் ஆள் சேர்த்தல், நாட்டின் பாதுகாப்பு, உணவுப் பங்கீடு ஆகிய மூன்றுமே இதன் நோக்கங்களாகக் கருதப்பட்டன. சீருடை அணிந்த பொலிஸ் அதிகாரி கேட்பின் அட்டையைக் காட்டுதல் வேண்டும். கையில் இல்லையெனின் இரண்டு நாட்களுள் பொலிஸ் நிலையமொன்றிற் காட்டுதல் வேண்டும்.

மக்கள் இதனை எதிர்த்திலர். பகைவரின் குண்டுகள் வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில் எதிர்த்தல் முறையுமன்று. அன்றியும், பங்கீட்டுப் புத்தகம் அட்டையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வெண்ணெயும் சீனியும் வேண்டுவோர் அட்டையைத் தொலைத்தற்கு அஞ்சினர். சட்டத்தின் தண்டனையினும் அடுப்பங்கரையின் தேவை வலிமையுடையதாயிற்று.

போர் 1945இல் முடிந்தது, அட்டை முடிந்திலது. உணவுப் பங்கீடு தொடர்ந்தமையால் அட்டையும் தொடர்ந்தது. அது தொடர்ந்தமையால் புதிய பயன்களும் அதற்கு ஏற்பட்டன. மூன்று நோக்கங்களுக்காகத் தொடங்கிய பதிவேட்டைப் 11 ஆண்டுகளின் பின் 39 அரச அலுவலகங்கள் பயன்படுத்தி வந்தன. அஞ்சல் நிலையத்திற் பொதியொன்றைப் பெறுதற்கும் அட்டை வேண்டியிருந்தது. மோட்டார் வண்டி ஓட்டுவோரை நிறுத்தும் பொலிசார் காரணம் யாதாயினும் அட்டையைக் கேட்பது வழக்கமாயிற்று. இவற்றுள் எதனையும் பாராளுமன்றம் 1939இல் ஆராய்ந்து அநுமதித்ததில்லை. எவரும் சதி செய்ததுமில்லை. கையிலுள்ள கருவியை அடுத்த வேலைக்கும் எடுத்தல் அலுவலகங்களின் இயல்பு; இதுவே ஈண்டு நோக்கற்பாலது.

இந்நிலையில், 1950 திசெம்பர் 7ஆந் தேதி, இலண்டனின் வடபால் உள்ள பின்ச்லியில், மக்கிள் என்னும் பொலிஸ் கொன்ஸ்தபிள் மோட்டார் வண்டியொன்றை நிறுத்தினார். ஓட்டி வந்தவர் கிளாரன்ஸ் வில்கொக். தாராண்மைக் கட்சியைச் சார்ந்தவர். பாராளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றவர். அவரிடம் அட்டை கேட்கப்பட்டது. தாம் தாராண்மைவாதி என்றும், இத்தகைய செயலுக்கு எதிரானவர் என்றும் கூறி அவர் மறுத்தார். பின்னர் நிலையத்திற் காட்டுதற்கும் இணங்கினாரல்லர். வழக்குத் தொடரப்பட்டது. நீதவான்கள் அவரைக் குற்றவாளியெனக் கண்டும், தண்டனை எதுவுமின்றி விடுவித்தனர். குற்றவாளி என்னும் சொல்லையும் ஏற்க விரும்பாத வில்கொக் மேன்முறையீடு செய்தார்.

அவ்வழக்கை 1951 யூன் மாதத்தில் பிரதம நீதியரசர் கொடார்ட் பிரபு தலைமையில் ஏழு நீதியரசர் விசாரித்தனர். இத்தகைய வழக்கிற்கு எழுவர் அமர்தல் வழக்கமன்று. போர்க்கால அவசரநிலை முடிவுற்றமையால் சட்டமும் முடிவுற்றது என்பது வில்கொக்கின் வாதம். வேறு சில சட்டங்களைப் பொறுத்து அவசரநிலை முடிந்ததெனக் கட்டளை பிறந்திருந்ததை அவர் தரப்பினர் எடுத்துக் காட்டினர். நீதிமன்றம் அதனை ஏற்றிலது. ஒவ்வொரு சட்டத்திற்கும் தனித்தனியே முடிவு கூறப்படல் வேண்டும். பதிவுச் சட்டத்திற்கு அவ்வாறு கூறப்படவில்லை. ஆதலின் அது நடைமுறையிலுள்ளது எனத் தீர்ப்பாயிற்று. எனினும், பிரதம நீதியரசர் அத்தோடு அமைந்தாரல்லர். பாதுகாப்பிற்கென இயற்றிய சட்டத்தைப் பொலிசார் கண்டவரிடமெல்லாம் பயன்படுத்துதல் தகாதென்றும், அது சட்டத்தை மதிக்கும் மக்களைச் சட்டம் மீறுவோராக்கி, மக்களுக்கும் பொலிசாருக்குமிடையே வெறுப்பை விளைக்கும் என்றும் கடிந்துரைத்தார். வில்கொக் வழக்கில் தோற்றார். அவர் கருத்து வென்றது.

அவ்வாண்டு ஒக்தோபரில் ஆட்சி மாறியது. 1952 பெப்ரவரி 21ஆந் தேதி சுகாதார அமைச்சர் குருக்சாங்க் அட்டை வைத்திருத்தல் இனி வேண்டியதில்லை எனப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். ஆயினும் பதிவு இலக்கம் மறையவில்லை. தேசிய சுகாதாரச் சேவை அதனைத் தன் இலக்கமாக ஏற்று, 1990ஆம் ஆண்டுகள் வரை வழங்கி வந்தது. அட்டையைக் கிழித்தல் எளிது. பதிவை அழித்தல் அரிது.

அட்டையை ஆதரிப்போர் கூற்றினையும் நடுநிலையில் நின்று கேட்டல் வேண்டும். பங்கீடு நேர்மையாய் நடைபெற்றதற்குப் பதிவேடு உதவியது. பொய்ப் பெயரிற் பயன்பெறுவோரைத் தடுத்தற்கும், உரியவர் தம் உரிமையைப் பெறுதற்கும் அட்டை துணையாகும். ஜெர்மனி, பெல்ஜியம், ஸ்பெயின் முதலிய மக்களாட்சி நாடுகளிற் கட்டாய அட்டை உண்டு. அங்கே உரிமை அழிந்துவிடவில்லை. குற்றமற்றவன் ஏன் அஞ்சவேண்டும் என அவர் வினவுவர்.

இவ்வினாவிற்கு நெதர்லாந்தின் வரலாறு விடை கூறும். அங்கே மக்கட் பதிவேடு போருக்கு முன்னரே நன்னோக்குடன் மிகத் திருத்தமாக அமைக்கப்பட்டிருந்தது. 1940இல் ஜெர்மானிய நாசிகள் அந்நாட்டைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டு கட்டாய அடையாள அட்டை வந்தது. யூதரின் அட்டையிற் குறியெழுத்துப் பொறிக்கப்பட்டது. அந்நாட்டில் வாழ்ந்த ஏறத்தாழ 140,000 யூதருள் 100,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களைத் தேடிப் பிடித்தற்குப் பதிவேடு துணைநின்றது. 1943 மார்ச்சு 27ஆந் தேதி எதிர்ப்பியக்கத்தார் ஆம்ஸ்டர்டாம் நகரப் பதிவகத்திற்குத் தீயிட்டனர்; அதன் பொருட்டுப் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கடதாசிக் கட்டுகளை எரித்தற்கு அவர்கள் உயிரைக் கொடுத்தது ஏன் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்மக்கள் குற்றமெதுவும் செய்தவரல்லர். பதிவை ஆக்கியவர் நல்லவராயிருந்தனர். அது சென்று சேர்ந்த கைகள் வேறாயிருந்தன.

பிரித்தானியாவில் இவ்விவாதம் 2001ஆம் ஆண்டின் பயங்கரவாதச் செயல்களின் பின் மீண்டும் எழுந்தது. பெரும் வாக்குவாதத்தின் பின், பிரபுக்கள் சபை பலமுறை திருப்பியனுப்பிய மசோதா 2006இல் அடையாள அட்டைச் சட்டமாயிற்று. இம்முறை அச்சத்திற்குரியதாயிருந்தது அட்டையன்று. அதன் பின்னிருந்த தேசிய அடையாளப் பதிவேடே. விரலடையாளம், முகவரிகள் என்பவற்றோடு, ஒருவரின் அடையாளம் எப்போது, யாரால் சரிபார்க்கப்பட்டது என்பதும் அதிற் பதியப்பட இருந்தது. 2007 நவம்பரில், குழந்தைநல உதவி பெறும் குடும்பங்களைச் சார்ந்த இரண்டரைக் கோடி மக்களின் விவரமடங்கிய இரு தட்டுகளை அரச திணைக்களமொன்று தொலைத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பதிவேட்டைக் காக்க வல்லோம் என்ற உறுதிமொழியை மக்கள் அதன்பின் எளிதில் நம்பவில்லை. 2010இல் வந்த கூட்டரசாங்கம் அச்சட்டத்தை நீக்கியது. 1952இல் செய்யாததை இம்முறை செய்தனர்: பதிவேடு இருந்த கணினித் தகடுகளையே 2011 பெப்ரவரியில் பொடியாக்கினர்.

அத்துடன் விவாதம் ஓய்ந்துவிடவில்லை. 2025 செப்தெம்பரில் பிரித்தானியப் பிரதமர், தொழில் பெறும் உரிமையை மெய்ப்பித்தற்கு எண்ணிம அடையாளம் வேண்டப்படும் என அறிவித்தபோது, இருபது இலட்சத்திற்கு மேற்பட்டோர் எதிர்ப்பு விண்ணப்பத்திற் கையொப்பமிட்டனர்.

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் படிப்பினை யாது? அடையாள அட்டை தன்னளவில் அடிமைச் சாசனமுமன்று, பாதுகாப்புக் கவசமுமன்று. எந்நோக்கத்திற்கு அது வழங்கப்பட்டது, அந்நோக்கத்திற்கு அப்பால் அதனைப் பயன்படுத்துதலைத் தடுப்பவர் யாவர், என்று அது முடிவுறும் என்பன சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும். வில்கொக் வழக்கு உணர்த்திய உண்மை இதுவே: அவசரநிலை தானாக முடிவதில்லை, யாரேனும் அதனை முடித்துவைத்தல் வேண்டும். அரசு தானே முன்வந்து அதனைச் செய்தல் அரிது. வீதியோரத்தில் நிறுத்தப்பட்ட சாதாரண மனிதன் ஒருவன் ‘ஏன்?’ என்று பணிவோடும் உறுதியோடும் வினவியபோதே அது தொடங்கிற்று. அவ்வாறு வினவுதற்குரிய துணிவையும், வினவுவோனைக் கேட்டு நெறியுரைக்கும் நீதிமன்றத்தையும் போற்றிக் காக்கும் நாட்டில் அட்டை அட்டையாகவே இருக்கும். அவ்விரண்டும் இல்லாத நாட்டில், அட்டை இன்றியும் உரிமை நிலையாது.