பன்னிரண்டு அங்குலத்தின் வரலாறு: எஃப்.பி.ஐ. கைத்துப்பாக்கி மாற்றம் (1986–2016) குறித்து ஒரு மறுவாசிப்பு

எஃப்.பி.ஐ. தன் அதிகாரிகளின் கைத்துப்பாக்கியை மாற்றிய வரலாறு பெரும்பாலும் ஒரே வடிவத்தில் சொல்லப்பட்டு வருகிறது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமிப் புறநகரில் இரு கொள்ளையரோடு நடந்த மோதலில் ஒரு 9 மி.மீ. தோட்டா கைவிட்டது. அதிர்ந்துபோன நிறுவனம் 10 மி.மீ.க்குத் தாவியது. அதன் உதைப்பைத் தாங்க முடியாமல் .40க்கு இறங்கியது. கடைசியில் புறப்பட்ட இடமான 9 மி.மீ.க்கே வந்து சேர்ந்தது. முப்பதாண்டு அலைச்சல், பெருஞ்செலவு, கண்ட பலன் ஒன்றுமில்லை என்பது இக்கதையின் உட்கிடை. காவல் துறைகளின் ஆயுதத் தேர்வை ஆராய்ந்தோரில் ஒரு சாரார் இதையே நிறுவனப் பீதிக்குச் சான்றாக எடுத்தாள்கிறார்கள்.

இக்கட்டுரை அந்த முடிவோடு உடன்படவில்லை. 1986க்கும் 2016க்கும் இடையில் துப்பாக்கிகள் பலமுறை மாறின என்பது உண்மைதான். ஆனால் தோட்டாவிடம் நிறுவனம் எதைக் கேட்டது என்பது ஒருமுறைதான் மாறியது. 1988–89இல் மாறியது, பின்னர் மாறவில்லை. ‘தவறும் திரும்புதலும்’ என்னும் கதை நிற்பதற்குக் காரணம், அதன் அடிப்படைச் சான்றான ஓர் ஆவணம் அரைகுறையாகப் படிக்கப்பட்டதே என்று கருதுகிறேன்.

அந்த ஆவணம், குவாண்டிகோவிலுள்ள எஃப்.பி.ஐ. பயிற்சிக் கழகத்தின் சுடுகலன் பயிற்சிப் பிரிவில் யூரி பேட்ரிக் எழுதி 1989 ஜூலையில் வெளியானது. கைத்துப்பாக்கிக் காயங்களின் இயல்பையும் பயனையும் ஆராயும் சிறு அறிக்கை. 1987 செப்டம்பரில் அங்கு மருத்துவர்களும் தோட்டா ஆய்வாளர்களும் கூடி நடத்திய பட்டறையின் தொடர்ச்சியாகவே இதைப் படிக்க வேண்டும். ‘பெரிய தோட்டாவே நல்ல தோட்டா’ என்ற கொள்கைக்கு இது சாசனம் என்பது நடப்பிலுள்ள வாசிப்பு. அப்படிப் படிப்போருக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. துளையின் விட்டத்தைக் கூட்டுவதே காயத்தின் வலுவைக் கூட்டும் வழி என்று பேட்ரிக் எழுதத்தான் செய்கிறார்.

ஆனால் அந்தக் கூற்று ஒரு நிபந்தனையோடு வருகிறது. போதிய ஆழம் உறுதிப்பட்ட பிறகுதான் விட்டத்தைப் பற்றிய பேச்சே எழுகிறது. தோட்டா விரிந்தாலும் விரியாவிட்டாலும் உடல் திசுவில் குறைந்தது 12 அங்குலம் (ஏறத்தாழ 30 செ.மீ.) ஊடுருவியே ஆக வேண்டும், 18 அங்குலம் வரை போனால் மேலும் நல்லது என்பது அறிக்கையின் முதல் வாதம். விட்டம் இரண்டாவது வாதம். பின்வந்தோர் நிபந்தனையை விட்டுவிட்டு விளைவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதை முதலில் வைத்தால் அறிக்கை காலிபர் வெறியின் பிரகடனமாகத் தெரியும். எழுதப்பட்ட வரிசையிலேயே படித்தால் அது விரியும் தோட்டாவை நம்பியோருக்கு விடுத்த எச்சரிக்கை.

ஏன் பன்னிரண்டு? மனித மார்பின் தடிமனை மட்டும் வைத்து இந்த எண்ணுக்கு வர முடியாது. நேர் எதிரே நிற்கும் மெலிந்த மனிதரின் இதயத்தைத் தொட அதில் பாதி ஆழமே போதும். பக்கவாட்டில் திரும்பியவர், பருத்த உடல்வாகு கொண்டவர், குறுக்கே கையை வைத்திருப்பவர் ஆகியோரைக் கணக்கில் எடுத்தால்தான் எண் இந்த அளவுக்கு வளரும். பேட்ரிக் இதைப் பொதுவிதியாகவே முன்வைக்கிறார். ஆயினும் அந்தப் பொதுவிதிக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட கை இருக்கிறது என்று நினைக்கிறேன். மயாமியில் மோதிய கொள்ளையரில் ஒருவரான மைக்கேல் பிளாட்டின் வலது கை அது.

மயாமி மோதலின் விவரங்கள் இத்துறையினர் அறிந்தவையே. எட்டு அதிகாரிகள், இரண்டு கொள்ளையர்கள், ஐந்து நிமிடத்துக்கும் குறைவான சண்டை. பெஞ்சமின் குரோகன், ஜெர்ரி டவ் ஆகிய இரு அதிகாரிகள் இறந்தனர், ஐவர் காயமுற்றனர். நமக்கு இங்கு வேண்டியது ஒரே ஒரு காயம். டவ் சுட்டதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 9 மி.மீ. தோட்டா, பிளாட்டின் வலது மேற்கையைத் துளைத்து வெளியேறி, மார்பின் பக்கவாட்டில் மறுபடியும் புகுந்து, வலது நுரையீரலைச் சிதைத்து, இதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னதாக நின்றுவிட்டது. மோதலை விரிவாக மீட்டுருவாக்கிய மருத்துவர் பிரெஞ்ச் ஆண்டர்சன், இக்காயம் சண்டையின் தொடக்கக் கட்டத்தில், பிளாட் கார் ஜன்னல் வழியே வெளியேறுகையில் பட்டது என்கிறார். அந்தக் காயம் உயிரைக் குடிக்கக்கூடியதுதான். ஆனால் உயிர் போவதற்குள் பிளாட் எழுந்து, நடந்து, மினி-14 நீள்துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இருந்தார். இரு அதிகாரிகளும் இறந்தது அதற்குப் பின்புதான்.

அந்த ஓர் அங்குலத்தைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. இன்னும் ஓர் அங்குலம் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்பது ஒன்று. போயிருந்தாலும் பயனில்லை, இதயம் சிதைந்தவனும் இயங்குவான் என்பது மற்றொன்று. பேட்ரிக்கின் அறிக்கையே இரண்டாவது கட்சிக்குக் கைகொடுக்கிறது: இதயம் அழிந்த பிறகும் மூளையில் தங்கியுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஒருவர் 10 முதல் 15 வினாடி வரை முழு உணர்வோடு செயல்பட முடியும் என்று அது சொல்கிறது. ஆனால் பிளாட் அதன் பின் இயங்கியது வினாடிக் கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கில். ஆண்டர்சனின் காலவரிசை பெருமளவு சரி என்றால், அந்த அங்குலத்துக்குப் பொருள் உண்டு. கைத்துப்பாக்கி எதற்கும் உத்தரவாதம் தராது என்பதை ஒப்புக்கொண்ட அதே அறிக்கை, ஆழத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தது இதனால்தான் என்பது என் துணிபு.

இனி, ‘தோட்டா கைவிட்டது’ என்ற பேச்சைக் கவனிப்போம். டவ் பயன்படுத்தியது வின்செஸ்டர் நிறுவனத்தின் சில்வர்டிப்: 115 கிரெய்ன், அதாவது ஏழரை கிராமுக்குச் சற்றே குறைவான எடை, முனை குழிந்தது, வேகமாகப் போய், திசுவில் புகுந்ததும் விரிந்து, சீக்கிரம் நிற்பது. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் அமெரிக்க நீதித்துறையின் ஆதரவில் நடந்த ஆய்வுகள், தோட்டா தன் பாதையைச் சுற்றி ஒரு கணம் உண்டாக்கும் குழிவையே ஆற்றலின் அளவுகோலாகக் கொண்டு ஒரு குறியீட்டெண்ணை உருவாக்கின. இலேசான, வேகமான, ஆழம் போகாத தோட்டாக்கள் அந்தப் பட்டியலில் மேலே வந்தன. சில்வர்டிப் அந்தச் சிந்தனைக்குப் பொருந்திய சரக்கு. மயாமியில் அது செய்ததெல்லாம் தன்னிடம் கேட்கப்பட்டதைத்தான். விரிந்தது, நின்றது. பிழை இருந்த இடம் கேள்வித்தாள்.

கேள்வித்தாள் 1988இல் மாறியது. பத்து சதவீத ஜெலட்டின் கட்டியை நான்கு பாகை செல்சியஸ் அளவில் குளிர்வித்து, அதில் சுட்டு, தோட்டா போன ஆழத்தை அளக்கும் முறை வந்தது. வெறுங்கட்டியில் மட்டும் சுட்டால் போதாது. தடித்த உடுப்பு, இரும்புத் தகடு, சுவர்ப்பலகை, ஒட்டுப்பலகை, கார் முன்கண்ணாடி ஆகியவற்றைத் தாண்டியும் தோட்டா அந்த ஆழத்தை எட்ட வேண்டும். இச்சோதனையைக் காலிபருக்கு ஏற்ப வளைக்கவில்லை என்பது முக்கியம். எந்த விட்டத் தோட்டாவும் வரலாம், தேர்வு ஒன்றே.

இதோடு சேர்த்துக் குழப்பப்படும் இன்னொரு முடிவையும் பிரித்தெடுக்க வேண்டும். மயாமியில் அதிகாரிகள் பலர் வைத்திருந்தவை ரிவால்வர்கள். கார்டன் மெக்நீல் கையில் குண்டு பட்டு, உருளையில் இரத்தமும் எலும்புத் துணுக்கும் அடைத்ததால் மறுபடி தோட்டா நிரப்ப முடியாமல் நின்றார். ஜான் ஹான்லனுக்கு நிரப்பிக்கொண்டிருக்கும்போதே கையில் குண்டு பட்டது. ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறியதற்கு இந்த இரு கைகளே போதுமான காரணம். அந்த மாற்றத்தில் இன்றுவரை பின்வாங்கல் இல்லை. ‘முப்பதாண்டு வீண்’ என்பவர்கள் இந்தப் பாதியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

10 மி.மீ. கதைக்கு வருவோம். முதலில் சந்தைக்கு வந்த முழுவலுத் தோட்டாவை எஃப்.பி.ஐ. ஏற்கவே இல்லை. சோதனைகளின்போதே 180 கிரெய்ன் எடையில், வினாடிக்கு 950 அடி வேகத்தையொட்டி, வலுவைக் குறைத்த ஒரு தோட்டா வகுக்கப்பட்டது. ஏனெனில் ஆழத் தேர்வுக்கு அதுவே போதுமாயிருந்தது. சிறிய கைகளையுடைய அதிகாரிகள், குறிப்பாகப் பெண்கள், தாங்க முடியாமல் முறையிட்டதால் வலு குறைக்கப்பட்டது என்ற பரவலான கதை காலவரிசைக்கே முரணானது. துப்பாக்கி கைக்கு வருவதற்கு முன்பே தோட்டா குறைக்கப்பட்டுவிட்டது. அதே வேகத்தையும் எடையையும் குட்டையான தோட்டாக்கூட்டிலும் அடைக்கலாம் என்று ஸ்மித் அண்டு வெஸ்ஸனும் வின்செஸ்டரும் கண்டதன் விளைவே 1990இல் வந்த .40. அதன் கூடு 25 மி.மீ. நீளத்திலிருந்து 22 மி.மீ.க்கும் குறைவாகச் சுருங்கியதால், 9 மி.மீ. பிஸ்டல் அளவுள்ள சட்டகத்திலேயே பொருந்தியது. எஃப்.பி.ஐ.க்கென 10 மி.மீ.யில் செய்யப்பட்ட 1076 பிஸ்டல் இயந்திரக் கோளாறுகளால் நிலைக்கவில்லை. 1997இல் .40 காலிபர் குளோக் வந்தது. காலிபர் கண்ணோடு பார்ப்பவருக்கு இது பின்வாங்கல். தேர்வின் கண்ணோடு பார்த்தால் அதே மதிப்பெண்ணைக் குறைந்த கூலிக்கு வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

9 மி.மீ.க்குத் திரும்புவதற்காக 2014 மே மாதம் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு வெளியிட்ட நியாயவுரையையும் இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். 9 மி.மீ. முதல் .45 வரையிலான தரமான காவல் தோட்டாக்கள் உண்டாக்கும் காயத்தடங்களில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு அநேகமாக இல்லை என்கிறது அது. 9 மி.மீ.யில் உதைப்பு குறைவு, மேகசினில் அதிகத் தோட்டா கொள்ளும், பெரும்பாலானோர் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள். நிஜ மோதல்களில் அதிகாரிகளின் குண்டுகளில் 70 முதல் 80 சதவீதம் இலக்கைத் தவறவிடுகின்றன என்பதையும் அது மறைக்கவில்லை. பேட்ரிக்கின் இரண்டாவது வாதமான விட்டம் இங்கே ஏறத்தாழ கைவிடப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முதல் வாதத்தில் ஓர் அங்குலமும் குறையவில்லை. 2014இன் 9 மி.மீ. தோட்டா கண்ணாடியையும் தகட்டையும் தாண்டிப் பன்னிரண்டைத் தொடும். 1986இன் 9 மி.மீ. அதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. விட்டம் ஒன்று என்பதால் இரண்டையும் ஒரே தோட்டாவாகக் கொள்வது, ‘திரும்புதல்’ கதையின் பெரிய ஓட்டை.

மாற்றங்களைத் தூண்டியது உற்பத்தியாளர்களின் விற்பனை ஆசைதான் என்போர் உண்டு. விற்க ஆசைப்படாத உற்பத்தியாளர் எந்தப் பத்தாண்டிலும் இருந்ததில்லை. எனவே இது எந்த ஒரு மாற்றத்தையும் தனித்து விளக்காது. மயாமியின் உண்மைப் பாடம் நீள்துப்பாக்கி இல்லாமையே, கைத்துப்பாக்கியைப் பற்றிய பேச்சே திசைதிருப்பல் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. மினி-14க்கு எதிரே எந்தக் கைத்துப்பாக்கியும் எடுபடாது. சண்டையை முடித்த எட்மண்டோ மிரெலெஸ் முறிந்த கையோடு ஷாட்கன்னையும் பிறகு ரிவால்வரையும் கையாள வேண்டியிருந்தது. இதை ஏற்கிறேன். ஆனால் நிறுவனம் வேறு எதை வாங்கியிருக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி, வாங்கியதை எதைக் கொண்டு அளந்தது என்பது வேறு கேள்வி. என் வாதம் இரண்டாவதைப் பற்றியது.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். எஃப்.பி.ஐ.யின் தர்க்கம் அமெரிக்கக் காவல் துறைகள் அனைத்தின் தர்க்கம் ஆகாது. 1993இல் பிஸ்டலுக்கு மாறிய நியூயார்க் நகரக் காவல் துறை 9 மி.மீ.யை எடுத்தது, .40 பக்கமே போகவில்லை. மறுபுறம், எஃப்.பி.ஐ. எடுத்த காலிபரைத் தாங்களும் எடுத்து, அது விட்டபோது தாங்களும் விட்ட துறைகள் ஏராளம். காப்பியடித்தது துப்பாக்கியையா தேர்வையா என்பது ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே கேட்கப்பட வேண்டியது. எனவே காவல் ஆயுத மாற்றங்களை ஆராய வருவோரிடம் ஒரு வேண்டுகோள்: எந்தத் துப்பாக்கி வந்தது, எந்த விலைக்கு வந்தது என்பதோடு நிற்காமல், ஒப்பந்தப் புள்ளியோடு இணைக்கப்பட்ட தோட்டாச் சோதனை விதிகளைத் தேடி எடுத்து முதலில் அவற்றைப் படியுங்கள்.