மலைப்பாதையில் எல்.என்.ஜி வாகனங்கள்: கொல்லிமலைச் சாலையை முன்வைத்து ஒரு பாதுகாப்பு ஆய்வு

நாமக்கல் மாவட்டத்தின் காரவள்ளியில் தொடங்கிச் சோளக்காட்டுக்கு ஏறும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேட்டூர் மால்கோ ஆலைக்குப் பாக்சைட் ஏற்றிய லாரிகள் ஒரு காலத்தில் இந்த மலையிலிருந்து இறங்கின. இன்று அன்னாசியும் மிளகும் வாழையும் இறங்குகின்றன. எல்.என்.ஜி எனப்படும் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடும் வாகனம் ஒன்றை இத்தகைய சாலையில் விட வேண்டுமானால் அதனிடம் என்னென்ன கேட்க வேண்டும்? இன்றைய பாதுகாப்பு விதிகள் டேங்க்கை நன்றாகச் சோதிக்கின்றன. அது ஓடப்போகும் வழியைச் சோதிப்பதில்லை என்பதே என் வாதம்.

டேங்க் குறித்த விதிகள் உண்மையிலேயே கடுமையானவை. மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் திரவமாகும் இயற்கை எரிவாயு, இடைவெளியில் வெற்றிடம் வைத்த இரட்டைச் சுவர் எஃகு டேங்க்கில் நிரப்பப்படுகிறது. ஐ.நா. ஒழுங்குமுறை எண் 110-இன்படி, கனரக வாகனத்தில் டேங்க்கும் அதன் தாங்கிகளும் பயணத் திசையில் புவியீர்ப்பின் 6.6 மடங்கும் பக்கவாட்டில் 5 மடங்கும் விசையைத் தாங்க வேண்டும். நிரப்பிய டேங்க் 5 நாள்வரை வாயுவை வெளியே விடாமல் இருக்க வேண்டும். இந்தியாவில் 2017-இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு எல்.என்.ஜி வாகன எரிபொருளாக ஏற்கப்பட்டது. 2019-இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் இறக்குமதி முனையம் செயல்படத் தொடங்கியதால், தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தியாக இல்லை.

எல்.என்.ஜி நெடுந்தூரக் கனரக லாரிகளுக்கானது, கொல்லிமலைக்கு ஏன் அந்தக் கவலை என்று கேட்கலாம். ஆனால் நாமக்கல் லாரிகள் பெங்களூருக்குப் போகும் வழியில் விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் இருக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்குப் போனால் 27 வளைவுகளுடன் திம்பம் நிற்கிறது. கொல்லிமலை இந்த வகைச் சாலைகளின் கடைசி எல்லை. இங்கே தாக்குப்பிடிக்கும் விதி மற்ற மலைப்பாதைகளிலும் தாக்குப்பிடிக்கும்.

முதல் சிக்கல் ஏற்றத்தில் வருகிறது; இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பல எல்.என்.ஜி வாகனங்களில் எரிபொருளை எஞ்சினுக்குத் தள்ளுவது பம்ப் அல்ல, டேங்க்குக்குள் இருக்கும் வாயு அழுத்தமே. வண்டி வளைவுக்கு வளைவு திரும்பும்போது உள்ளே திரவம் அலைமோதுகிறது. மேலே இருக்கும் சற்றுச் சூடான வாயு, கீழே இருக்கும் குளிர்ந்த திரவத்தோடு கலந்து மீண்டும் திரவமாகிறது. அழுத்தம் சட்டென்று விழுகிறது. எஞ்சின் இழுவிசை குறைகிறது. சமவெளியில் இது ஓட்டுநருக்கு எரிச்சல் மட்டுமே. பாரத்தோடு வளைவின் நடுவில், பின்னால் பேருந்து ஒன்று ஏறிவரும்போது, இழுக்காமல் நிற்கும் லாரி விபத்துக்கான காரணம். திரவத்தை முன்கூட்டியே தேவையான அழுத்தத்துக்கு ஏற்பச் சூடாக்கி நிரப்புவது இதற்கு அறியப்பட்ட மருந்து. டேங்க்குக்குள்ளேயே பம்ப் வைத்த வடிவமைப்பும் உண்டு. ஆகவே நிரப்பும் நிலையத்தின் நடைமுறையும் வாகனப் பாதுகாப்பின் பகுதியே.

இறக்கத்தில் பிரேக்கைக் கவனிக்க வேண்டும். தீப்பொறியால் எரியும் வாயு எஞ்சினிலிருந்து, டீசல் எஞ்சினுக்கு இணையான எஞ்சின் பிரேக்கைப் பொதுவாக எதிர்பார்க்க முடியாது. குறை முழுவதும் பிரேக் டிரம்மின் மேல் விழுகிறது. காய்ந்து சிவந்த டிரம் டயரைப் பற்றவைத்தால், சேஸிஸின் பக்கவாட்டில் தொங்கும் டேங்க் அந்தத் தீக்கு அருகில்தான் இருக்கும். ஆகவே பிரேக் டிரம்மைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கும் துணைக் கருவியான ரிடார்டரை மலைப்பாதை லாரிக்குக் கட்டாயமாக்குவதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

2002 ஜூன் 22 அன்று ஸ்பெயினின் திவிசா அருகே, இறக்கச் சாலையில் கட்டுப்பாடிழந்த எல்.என்.ஜி டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்தது. ஏறத்தாழ 20 நிமிடத்தில் வெடித்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். அது சரக்கு டேங்கர். வாகன எரிபொருள் டேங்க் அதைவிடப் பல மடங்கு சிறியது. என்றாலும் பிரேக், கவிழ்தல், தீ, வெடிப்பு என்ற வரிசை ஒன்றே.

மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. கசிந்த கணத்தில் அது உண்மையல்ல. சுமார் மைனஸ் 110 டிகிரிக்குக் கீழே மீத்தேன் காற்றைவிடக் கனமாக இருக்கிறது. சரிவைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. கொல்லிமலையில் ஒரு வளைவுக்கு நேர் கீழே இன்னொரு வளைவு இருக்கிறது. மேல் வளைவில் கசியும் திரவம் சுமார் 600 மடங்கு வாயுவாக விரிகிறது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு அளவில் கலந்தால் தீப்பற்றக்கூடியது. மணம் சேர்க்கும் பொருள் இந்தக் குளிரில் உறைந்துவிடும் என்பதால் மூக்கும் எச்சரிக்காது. உதவிக்கு வரும் தீயணைப்பு வண்டியும் இதே வளைவுகளில்தான் ஏற வேண்டும். ஆகவே மீத்தேன் உணரி, கேபினுக்குள்ளும் டேங்க் அருகிலும், விதியாக வேண்டும்.

5 நாள் தாங்கும் காலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தம் 8 நாள் நீடித்தது. அத்தகைய நிலையில் நிற்கும் எல்.என்.ஜி லாரியின் ரிலீப் வால்வு அழுத்தம் மிகும்போது திறந்து வாயுவை வெளியே விடும். அந்த வாயு மூடிய கொட்டகைக்குள்ளோ, வெல்டிங் நடக்கும் பாடி கட்டும் பட்டறையிலோ சேரக் கூடாது. நாமக்கல்லின் பட்டறைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு வண்டி விற்பவருக்கு உண்டு.

கொல்லிமலை கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரம் என்பதைச் சிலர் பெரிதுபடுத்துவார்கள். அங்கே காற்றழுத்தம் ஒரு பாரின் (bar) சுமார் எட்டில் ஒரு பங்கு அளவுக்கே குறைகிறது. சுமார் 16 பாரில் திறக்கும் ரிலீப் வால்வுக்கு அது பொருட்டல்ல. சிக்கல் வளைவிலும் சரிவிலும் இருக்கிறது. தகுதிச் சான்று தரும்போதே மலைப்பாதைக்கு ஏற்றது, ஏற்றதல்ல என்று தனியாகக் குறிக்கும் முறையைப் போக்குவரத்துத் துறை கொண்டுவர வேண்டும். அதுவரை ரிடார்டரும் உணரியும் இல்லாத எல்.என்.ஜி கனரக வாகனத்துக்குக் காரவள்ளிச் சாலையில் அனுமதி தரக் கூடாது.